சுவரில் சட்டம் சாயாதிருக்க



ரமளான் நெருங்கும்போது வீட்டிற்கு வெள்ளையடிப்பது நம் குடும்பங்களின் நெடுநாள் வழக்கம். கூடத்துச் சுவரில் இருந்த ஆயத்துல் குர்ஸிச் சட்டம், மக்கா மதீனாப் படங்கள், கடிகாரம், ஜமாஅத்தார் வெளியிட்ட தொழுகை நேர அட்டவணை, பிள்ளையின் பட்டச் சான்று என எல்லாம் இறங்கிக் கட்டிலின் மீது அடுக்கப்படும். வெள்ளையடித்தவர் கூலி பெற்றுப் போன பிறகு அவை மீண்டும் சுவரேறும். பழைய ஆணியிலேயே மாட்டினாலும் ஒன்று வலப்புறம் சாயும். மற்றொன்று இடப்புறம் சாயும். இரண்டு நாள் அது கண்ணை உறுத்தும். பிறகு கண் பழகிவிடும். அடுத்த ஆண்டு வெள்ளையடிக்கும் வரை அது அப்படியே தொங்கும்.

இத்திங்கள் நாம் பேசப்போவது இந்தச் சாய்வைப் பற்றித்தான். "இதற்குமா ஒரு கட்டுரை?" என்று எண்ணிவிட வேண்டாம். மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள சாதாரணக் கண்ணாடி, சதுர மீட்டருக்கு 7.5 கிலோ எடை உடையது. இரண்டடி அகலமும் மூன்றடி உயரமும் உள்ள ஒரு சட்டத்தில் கண்ணாடி மட்டுமே 4 கிலோவுக்கு மேல் இருக்கும். மரமும் பின்பலகையும் சேர்ந்தால் 6 கிலோவை எட்டிவிடும். அதன் நேர்கீழே தொட்டில் தொங்குமானால் என்னவாகும் என்று சிந்தித்துப் பாருங்கள். சாய்ந்து நிற்கும் சட்டம் அழகுக்குறை மட்டும் அன்று. ஆணி தளர்கிறது, கயிறு நழுவுகிறது, சுவர் உள்ளே பொடிகிறது என்பதை அது பெரும்பாலும் முன்கூட்டியே அறிவிக்கிறது. சாய்வைக் கையால் தட்டி நிமிர்த்திவிட்டுப் போகிறவர் அந்த அறிவிப்பைப் படிக்காமல் போகிறார்.

தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை செல்லும் சாலையில் உள்ள ஒரத்தநாட்டையும், அதற்கு அப்பால் மதுக்கூர், அதிராம்பட்டினம் போன்ற ஊர்களையும் எண்ணிப் பாருங்கள். ஆண்மக்கள் பலர் சபுர் போன குடும்பங்கள் இப்பகுதியில் ஏராளம். சவூதியிலிருந்தும் துபாயிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் ஆசையாய்க் கொண்டுவந்த சட்டம், சுற்றிய தாள் பிரியாமலே கட்டிலடியில் கிடப்பது உண்டு. "அவர் வந்து மாட்டட்டும்" என்பது பதில். அவர் விடுமுறையில் வருவார்; கல்யாணமும் விருந்தும் மருத்துவமனையுமாக நாள்கள் ஓடிவிடும்; திரும்பிப் போய்விடுவார். ஆணி அடிப்பது ஆண்களுக்கே உரிய வேலை என்று எவரும் எழுதி வைக்கவில்லை. ஒரு நூல், ஒரு கல், ஒரு சுத்தியல், கொஞ்சம் பொறுமை இவை போதும்.

கண் சொல்வதும் கல் சொல்வதும்

நம்மில் பலர் சட்டத்தை மாட்டிவிட்டுப் பத்தடி பின்னால் போய் நின்று, "சரியாக இருக்கிறதா?" என்று வீட்டிலுள்ளவர்களைக் கேட்போம். ஒருவர் "வலப்பக்கம் தூக்கு" என்பார். மற்றொருவர் "இல்லை, இடப்பக்கம்" என்பார். இருவர் கண்ணிலும் பழுதில்லை. கண் ஒருபோதும் படத்தைத் தனியாகப் பார்ப்பதில்லை. மேலே உள்ள உத்தரத்தோடும், பக்கத்தில் உள்ள கதவுநிலையோடும், கீழே உள்ள தரையோடும் ஒப்பிட்டே பார்க்கிறது. அவற்றில் எது கோணலோ அது கண்ணையும் கோணலாக்கிவிடும்.

பழைய ஓட்டு வீடுகளில் இது இன்னும் அதிகம். பல ஆண்டுப் பாரம் தாங்கிய உத்தரம் நடுவில் சற்றுத் தொய்ந்திருக்கும். தரையோ வேண்டுமென்றே சாய்வாக அமைக்கப்பட்டது. கழுவிவிடும் நீர் முற்றத்தை நோக்கி ஓட வேண்டுமென்று கொத்தனார் வாட்டம் கொடுத்துத்தான் தளம் போட்டிருப்பார். நூறு அங்குலத்திற்கு ஓர் அங்குலம் வாட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டடி நீளச் சுவரில் இரு முனைகளுக்கும் இடையே தரை ஏறத்தாழ ஓர் அங்குலம் இறங்கியிருக்கும். "தரையிலிருந்து ஐந்தடி" என்று இரண்டு இடங்களில் கவனமாக அளந்து ஆணி அடித்தவர், அந்த ஓர் அங்குலக் கோணலையும் அதே கவனத்தோடு சுவரேற்றி இருக்கிறார்!

ஆகவே தரையையும் நம்ப வேண்டாம். உத்தரத்தையும் நம்ப வேண்டாம். நம்பத்தக்கது ஒரு நூலில் கட்டிய கல். கொத்தனார் சுவர் எழுப்பும்போது தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். அதே முறைதான். ஒரு முழ நூலின் முனையில் சாவியையோ சிறு கல்லையோ கட்டிச் சட்டத்தின் பக்கவாட்டு விளிம்பை ஒட்டித் தொங்கவிடுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, கல் ஆடி அடங்கும் வரை பொறுங்கள். மேலிருந்து கீழ்வரை நூலும் விளிம்பும் ஒரே இடைவெளியில் நின்றால் சட்டம் நேராக உள்ளது. உத்தரம் எவ்வளவு தொய்ந்திருந்தாலும் கல் பொய் சொல்லாது.

நம் வீட்டுப் படங்களில் கவனிக்கத்தக்க இரண்டு நுட்பங்கள் உண்டு. முதலாவது, அரபு எழுத்தணிச் சட்டம். 940ஆம் ஆண்டில் மறைந்த பக்தாத் அமைச்சர் இப்னு முக்லா, அலிஃப் என்னும் எழுத்தையே அளவுகோலாகக் கொண்டு மற்ற எழுத்துகளுக்கு அளவு வகுத்தவர் என்பது எழுத்தணிக் கலையில் புகழ்பெற்ற செய்தி. அலிஃப் நிமிர்ந்து நின்றால் சட்டமும் நிமிர்ந்திருக்கிறது என்று நாம் எளிதில் எண்ணிவிடுவோம். ஆனால் ஆயத்துகள் பெரிதும் எழுதப்படும் துலுத் என்னும் எழுத்து வகையில் அலிஃப் இயல்பிலேயே சற்று இடப்புறம் சாய்ந்து நிற்கும். அதை நிமிர்த்தப் போனால் சட்டம் சாய்ந்துவிடும். இரண்டாவது, கஅபாவின் படம். அதன் கிஸ்வாவில் உள்ள பொன்னெழுத்துப் பட்டை, மூலையிலிருந்து எடுத்த புகைப்படத்தில் இருபுறமும் சரிந்து தோன்றும். அதைக் கிடையாக்க முயன்று சட்டத்தைத் திருப்பக் கூடாது. இரண்டு படங்களிலும் உள்ளே உள்ள கோடுகளை விட்டுவிட்டுச் சட்டத்தின் விளிம்பையே பாருங்கள்.

ஓர் இடத்தில் மட்டும் கண்ணுக்கு விட்டுக்கொடுக்கலாம். கதவுநிலைக்கோ உத்தரத்திற்கோ நான்கு விரற்கடை தூரத்தில் படத்தை மாட்டியே தீர வேண்டுமென்றால், கல் சொல்லும் நேர்மை அங்கே கோணலாகவே தெரியும். கூடுமானால் அந்த இடத்தைத் தவிர்த்து ஒரு முழம் தள்ளி மாட்டுங்கள். தவிர்க்க முடியாவிட்டால் நிலையோடு இசைந்து போகட்டும்.

தண்ணீர் காட்டும் மட்டம்

ஒரே ஒரு சட்டத்திற்கு நூலும் கல்லும் போதும். மூன்று நான்கு சட்டங்களை வரிசையாக மாட்டும்போது அவையனைத்தும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். இதற்குத் தண்ணீரைவிடச் சிறந்த துணை இல்லை.

இது நம் மண்ணுக்குப் புதிய செய்தியும் அன்று. மேட்டூர் அணை 1934ஆம் ஆண்டு முடிந்தபோது அதே திட்டத்தில் உருவான கல்லணைக் கால்வாய், நம்மவர் புதாறு என்று அழைப்பது, ஒரத்தநாட்டுப் பகுதியின் வயல்களுக்குத் தண்ணீர் தருகிறது. எந்த இயந்திரமும் அந்த நீரைத் தள்ளுவதில்லை. சிறிது சிறிதாக இறங்கும் வாட்டத்தை அளந்து வெட்டியதால் அது தானே ஓடுகிறது. நிலத்தின் மட்டம் காணும் கலையில் முஸ்லிம் அறிஞர்கள் முன்னரே தேர்ந்திருந்தார்கள். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த கணித மேதை அல்கரஜீ, நிலத்தடி நீரை வெளிக்கொணர்வது பற்றி எழுதிய நூலில் மட்டம் பார்க்கும் கருவிகளையும் விவரித்திருக்கிறார். ஒரு நாட்டிற்கு நீர் கொண்டுவரப் பயன்பட்ட அதே அறிவு, நம் கூடத்துச் சுவருக்கும் பயன்படட்டும்.

பத்துப் பன்னிரண்டு அடி நீளமுள்ள, உள்ளே இருப்பது தெரியக்கூடிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றை வாங்கி நீர் நிரப்புங்கள். குமிழிகள் எதுவும் உள்ளே தங்கக் கூடாது; தங்கினால் கணக்குத் தவறிவிடும். ஒரு முனையை நீங்களும், மறுமுனையை மகளோ மாமியோ பிடித்துக்கொண்டு சுவரோடு சேர்த்து நிறுத்துங்கள். நீர் அசைவற்று நின்றதும் இரு முனைகளிலும் நீர்மட்டத்திற்கு நேரே பென்சிலால் புள்ளி வையுங்கள். சுண்ணாம்போ கரித்தூளோ தடவிய நூலை இரண்டு புள்ளிகளுக்கும் இடையே இழுத்துப் பிடித்துச் சுண்டிவிட்டால் சுவரில் கோடு விழும். தரை எப்படி இருந்தாலும் அந்தக் கோடு மட்டமானது. பள்ளிவாசலில் ஸஃப்பு நேராக நிற்கத் தரையில் கோடு இட்டிருப்பது போல, இந்தக் கோட்டைப் பிடித்து எத்தனை சட்டங்களை வேண்டுமானாலும் நிறுத்தலாம்.

ரசமட்டம் உள்ள வீடுகளில் வேலை இன்னும் எளிது. இன்று கைப்பேசியிலும் மட்டம் காட்டும் வசதி இருக்கிறது. ஆனால் எதையும் சோதிக்காமல் நம்ப வேண்டாம். ரசமட்டத்தை ஒரு பலகையின் மீது வைத்துக் குமிழி நிற்கும் இடத்தைப் பாருங்கள். பிறகு அதன் தலையும் வாலும் இடம் மாறும்படி திருப்பி, அதே இடத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு முறையும் ஒரே அளவு காட்டினால் கருவி நல்லது. மாறினால் பலகையை அன்று, கருவியையே சந்தேகிக்க வேண்டும்.

கயிறும் ஆணியும்

நேராக மாட்டிய சட்டம் ஒரு வாரத்தில் சாய்வதேன்? ஒற்றை ஆணியில் தொங்கும் சட்டம் தராசு போன்றது. கதவை அறைந்து சாத்தும் அதிர்வு, சாலையில் பேருந்து போகும் நடுக்கம், ஒட்டடைக்கோல் படுவது, விசிறிக் காற்று ஆகிய ஒவ்வொன்றும் கயிற்றை ஆணியின் மேல் மயிரிழை மயிரிழையாக நகர்த்தும். இதற்கு மருந்து, ஒரு சாண் இடைவெளியில் இரண்டு ஆணிகள் அடித்துக் கயிற்றை இரண்டின் மீதும் போடுவதே. இரு ஆணிகளும் ஒரே மட்டத்தில் இருந்தால் சட்டம் ஊசலாட வழியே இல்லை. சட்டத்தின் பின்புறம் கீழ் மூலைகள் இரண்டிலும் சிறு ரப்பர்த் துண்டு ஒட்டிவிட்டால் அது சுவரைப் பற்றிக்கொள்ளும்.

கயிற்றை வில் நாண் போல இறுக்கிக் கட்டினால்தான் படம் நேராக நிற்கும் என்று பலர் கருதுகிறார்கள். இது அபாயமான எண்ணம். 6 கிலோ சட்டம் ஒற்றை ஆணியில் தொங்குவதாகக் கொள்ளுங்கள். கயிறு ஆணியிலிருந்து இருபுறமும் கிடைமட்டத்திற்கு 30 பாகைச் சரிவில் இறங்கினால், கயிறும் வளையமும் தாங்கும் இழுவை ஒவ்வொரு புறமும் 6 கிலோ. அதே கயிற்றை இறுக்கிச் சரிவை 10 பாகையாகக் குறைத்தால் இழுவை 17 கிலோவாக உயர்ந்துவிடும். சட்டத்தின் எடை கூடவில்லை. நாம் இறுக்கியதுதான் பாரத்தைக் கூட்டிற்று. பல சட்டங்களில் திருகுவளையம் மரத்தைப் பிளந்துகொண்டு வருவது இதனால்தான். வளையங்களுக்கு இடையே இரண்டடி என்றால், கயிற்றின் நடுப்பகுதி வளையங்களுக்கு மேலே ஏழு அங்குலம் எழும்பும் அளவுக்குத் தளர்வாகக் கட்டுங்கள். வளையங்களைச் சட்டத்தின் உயரத்தில் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு இறக்கிப் பொருத்தினால் கயிறு வெளியே தெரியாது.

சணல் கயிறு ஈரத்தில் இற்றுப்போகும். இரும்புக் கம்பி கடற்கரை ஊர்களின் உப்புக் காற்றில் துருப்பிடிக்கும். பித்தளைக் கம்பியை முறுக்கிக் கட்டுவதே நீடித்து உழைக்கும்.

ஆணி அடிக்கும் இடத்தைக் குறிக்க ஓர் எளிய வழி உண்டு. சட்டத்தின் அளவிற்குப் பழைய தாளை வெட்டிக்கொள்ளுங்கள். சட்டத்தைக் கவிழ்த்து, கயிற்றை இரண்டு விரல்களால் மேல்நோக்கி இழுத்துப் பிடித்து, அவ்விரு விரல்களும் நிற்கும் இடங்களைத் தாளில் குறியுங்கள். தாளைச் சுவரில் ஒட்டித் தள்ளி நின்று பாருங்கள். இடம் பிடித்திருந்தால் அந்தக் குறிகளின் மேலேயே ஆணியை இறக்குங்கள். தாளை எத்தனை முறை வேண்டுமானாலும் இடம் மாற்றலாம். சுவரில் விழுந்த துளையை மாற்ற இயலாது.

சுவரின் குணம் அறிந்து

மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி, முக்தாம்பாள் பெயரால் சத்திரம் எழுப்பிய ஊர் ஒரத்தநாடு. அந்தக் காலத்துச் செங்கல் சுண்ணாம்புச் சுவர்களுக்கும் இன்றைய சிமெண்டுச் சுவர்களுக்கும் குணம் வேறு. சுண்ணாம்புக் காரை மென்மையானது. அதில் ஆணியைச் சுத்தியலால் ஓங்கி அடித்தால் பூச்சு உள்ளங்கை அகலத்திற்குப் பெயர்ந்து வரும். துளையிட்டு, அதில் காய்ந்த மரமுளையை இறுக்கிச் செருகி, அந்த முளையில் திருகாணியை முடுக்குவதே தக்கது. சிமெண்டுச் சுவரிலோ துளைபொறியால் துளையிட்டுப் பிளாஸ்டிக் செருகு வைத்துத் திருகாணி பொருத்தலாம். எவ்வகைச் சுவரானாலும் ஆணியின் தலை சற்று மேல்நோக்கி இருக்கட்டும்.

ஆணி அடிக்கும் முன்பு விரல் முட்டியால் சுவரைத் தட்டிக் கேளுங்கள். கெட்டியான ஒலி வந்தால் நலம். பானையைத் தட்டியது போல் வெற்றொலி வந்தால் பூச்சு உள்ளே செங்கல்லை விட்டு விலகிவிட்டது என்று பொருள். அங்கே கனமான எதையும் தொங்கவிடாதீர்கள். 2018 நவம்பர் 16 அன்று அடித்த கஜா புயல் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்ததை எவரும் மறந்திருக்க முடியாது. அப்போது கூரை பிரிந்த வீடுகளில் மழைநீர் சுவருக்குள்ளேயே இறங்கியது. அவ்வாறு ஊறிக் காய்ந்த சுவர், மேலே வெள்ளையடித்த பின் பழையபடி தோன்றினாலும் உள்ளே வலுவிழந்திருக்கலாம். அதைத் தட்டிக் கேட்டுத்தான் அறிய முடியும்.

மின்சுவிட்சுக்கு நேர்மேலேயும் நேர்கீழேயும் ஆணி அடிக்கவே கூடாது. சுவருக்குள் மின்கம்பி பெரும்பாலும் அந்த வழியாகத்தான் செல்லும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் சாரல் அடிக்கும் வடக்கு, கிழக்குச் சுவர்களில் ஈரம் தங்கும். சட்டம் சுவரோடு ஒட்டிக் கிடந்தால் அந்த ஈரம் பின்பலகை வழியே ஏறித் தாளில் புள்ளி புள்ளியாய்ப் பூஞ்சணம் பூக்கும், கறையானும் வரும். முன்னர்ச் சொன்ன ரப்பர்த் துண்டுகள் இடையில் காற்றோட்டம் தந்து இதையும் தடுக்கும். வெள்ளையடிக்க இறக்கும்போதெல்லாம் சட்டத்தின் முதுகைப் பார்த்து, கயிற்றையும் வளையத்தையும் கையால் இழுத்துச் சோதித்துவிட்டே மீண்டும் மாட்டுங்கள்.

எங்கே மாட்டலாம்?

தொட்டிலுக்கு மேலும், கட்டிலின் தலைமாட்டிலும், முதியவர்கள் சாய்ந்து அமரும் இடத்திலும் கண்ணாடிச் சட்டம் வேண்டாம். நின்று பார்க்கும் இடமானால் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ ஐந்தடி உயரத்தில் இருக்கட்டும். பாய் விரித்து அமரும் கூடத்தில் இன்னும் சற்று இறக்கலாம். நிலைவாசலுக்கு மேலே எட்டாத உயரத்தில் மாட்டப்பட்ட ஆயத் யாராலும் படிக்கப்படுவதில்லை, துடைக்கப்படுவதும் இல்லை.

தொழும் இடத்திற்கு எதிர்ச்சுவரை வெறுமையாக விடுவதே மேல். சித்திரங்கள் கொண்ட ஒரு திரை தொழுகையில் தம் கண்முன் தோன்றிக்கொண்டே இருப்பதாகச் சொல்லி, அதை அகற்றிவிடுமாறு ஆயிஷா (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. உயிருள்ளவற்றின் உருவப்படங்களை வீட்டில் மாட்டுவது பற்றிய மார்க்கத் தீர்ப்பை உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

மற்றொன்றும் கருத்தில் கொள்ளத்தக்கது. கஅபாவின் படத்தை மேற்குச் சுவரில் மாட்டுவது பல வீடுகளில் வழக்கம். வீட்டிற்கு வரும் விருந்தினர் அதைப் பார்த்து நேரே முஸல்லாவை விரித்துவிடுவார்கள். ஒரத்தநாட்டிலிருந்து மக்கா நேர் மேற்கில் இல்லை. மேற்கிலிருந்து ஏறத்தாழ 21 பாகை வடக்கே உள்ளது. நேர் மேற்குப் பார்த்துக் கட்டிய வீட்டில் முஸல்லா சுவருக்குச் சற்றுக் கோணலாகத்தான் விரிய வேண்டும். படம் சுவரோடு நேராக நிற்கட்டும். நாம் கிப்லாவோடு நேராக நிற்போம். விருந்தினருக்கு அந்தக் கோணத்தைக் காட்டிக் கொடுப்பது வீட்டாரின் கடமை.

சகோதரிகளே! கட்டிலடியில் கிடக்கும் அந்தச் சட்டத்தை இந்த வாரமே வெளியே எடுங்கள். பின்பலகையைத் துடையுங்கள், கயிற்றை மாற்றுங்கள், சுவரைத் தட்டிக் கேளுங்கள், நூலில் ஒரு கல்லைக் கட்டுங்கள். பெண்பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். மட்டம் பார்க்கத் தெரிந்த பெண், நாளை தன் வீட்டைக் கட்டும்போது கொத்தனாரிடம் கேட்க வேண்டிய கேள்வியையும் அறிந்திருப்பாள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த திங்கள் மழைக்கால ஈரத்திலிருந்து கிதாபுகளையும் துணிமணிகளையும் காப்பது பற்றிப் பார்ப்போம்.

வஸ்ஸலாம்.